கையெழுத்து ஏட்டில் வாழ்ந்த பாடல்கள்: வேதசாட்சி புனித றொபேட் சவுத்வெல்

இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பகுதியில், யேசு சபையார் தாபித்த ஸ்ரோனிஹேர்ஸ்ற் என்னும் பழைய கத்தோலிக்கக் கல்லூரி இருக்கின்றது. அக்கல்லூரியின் பெயரால் அறியப்படும் கையெழுத்து ஏடொன்றிலே ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு ஆங்கிலச் செய்யுட்கள் எழுதப்பட்டுள்ளன. தேவமாதா உற்பவித்தது தொடங்கி அவர் மோட்சத்துக்கு எடுக்கப்பட்டது ஈறாகப் பதினான்கு பாடல்கள் ஒரு கோவையாக அமைந்துள்ளன. ஆண்டவரின் பிறப்பைப் பாடியவை, பாவியின் மனஸ்தாபத்தைப் பாடியவை, திவ்விய நற்கருணையைப் போற்றுபவை, மரித்தோருக்கும் மரணத்தை எதிர்நோக்கியிருந்தோருக்குமாகப் பாடிய இரங்கற்பாக்கள் என்று மற்றவை தொடர்கின்றன.

இவற்றைப் பாடியவர் தமது 33 ஆம் வயதில் இலண்டனில் தூக்குமரமேறிய ஒரு குரு. ஏட்டை எழுதியது அவருடைய கையன்று. யாரோ ஒரு விசுவாசி பொறுமையாகப் பெயர்த்தெழுதி வைத்தது அது. அவர் இறந்த சில வாரங்களுக்குள் அவருடைய பாடல்கள் அச்சேறி, ஆங்கில நாடெங்கும் விற்பனையாயின. என்றாலும், அந்த அச்சுப் புத்தகங்களில் இல்லாத சில பாடல்கள் கையெழுத்து ஏடுகளில் உண்டு. எவை விடப்பட்டன, ஏன் விடப்பட்டன என்பதை அறிய அந்தக் குருவின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

றொபேட் சவுத்வெல் 1561 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நோபோக் பகுதியிலுள்ள ஹோஷம் சென் வெயித் என்னும் ஊரிற் பிறந்தார். அவர் பிறந்த வீடு முன்னொரு காலத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாயிருந்தது. எட்டாம் ஹென்றி அரசன் மடங்களை மூடி அவற்றின் சொத்துக்களைப் பறித்தபோது, அந்த வேலையில் அரசனுக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் றொபேட்டின் பாட்டனாரான சேர் றிச்சட் சவுத்வெல். பணிக்குக் கிடைத்த வெகுமதிகளுள் இந்த மடமும் ஒன்று. துறவிகள் செபமாலை சொல்லி நடந்த தாழ்வாரத்திலே, அவர்களைத் துரத்தியவரின் பேரன் ஓடி விளையாடினான்.

பாட்டனாரைப் பற்றி இன்னுமொரு செய்தியும் உண்டு. சறே பிரபுவான ஹென்றி ஹவாட் என்னும் புகழ்பெற்ற கவிஞரை இராசத்துரோகி என்று குற்றஞ்சாட்டி முன்வந்தவர் அவர்தான். 1547 ஆம் ஆண்டு சனவரியில் அந்தப் பிரபுவின் தலை வெட்டப்பட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் நல்லது.

றொபேட்டின் தகப்பனார், காலத்துக்கேற்ப அரசாங்க மதத்தோடு ஒத்துப்போனவர். ஆயினும் மகனைக் கத்தோலிக்கக் கல்வி பெற அனுப்பினார். 1576 ஆம் ஆண்டு, ஸ்பானிய ஆட்சிக்குட்பட்டிருந்த டூவே நகருக்கு வந்து சேர்ந்த பையன், பின்னர் பாரிசிலும் படித்தான். யேசு சபையிற் சேர ஆவல் கொண்டு கேட்டபோது உடனே இடங்கிடைக்கவில்லை. வயதும் போதாது, அப்பகுதியில் யுத்தமும் நடந்துகொண்டிருந்தது. அவர் பின்வாங்கவில்லை. உரோமாபுரிக்கே நடந்துபோய்க் கேட்டார். 1578 ஒக்ரோபரில் நவசந்நியாசியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். 1584 இல் குருப்பட்டம் பெற்று, அங்குள்ள ஆங்கிலக் கல்லூரியில் மாணவரின் படிப்பை மேற்பார்வை செய்யும் பொறுப்பை வகித்தார்.

இத்தனை வருடம் இலத்தீனிலும் இத்தாலியனிலும் பேசி எழுதி வந்ததால், தாய்மொழியான ஆங்கிலம் அவருக்கு மறக்கத் தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் ஆங்கிலக் கவிஞர் வரிசையில் இடம்பெற்றவர், இருபது வயதுக்குமேல் தம் சொந்த மொழியைத் திரும்பவும் பயிலவேண்டியதாயிற்று. தன்சில்லோ என்னும் இத்தாலியக் கவிஞர் இராயப்பரின் கண்ணீரைப் பற்றி எழுதிய காவியத்தை ஆங்கிலத்தில் ஆக்க முயன்று, அவர் எழுதியும் வெட்டியும் திருத்தியும் வைத்த தாள்கள் இன்றும் உள. அவர் கையெழுத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கும் ஆங்கிலச் செய்யுட்கள் மிகச் சிலவே. அவற்றுள் இவை முக்கியமானவை.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்வோம். எலிசபெத் மகாராணியின் ஆட்சியிலே பூசை தடைசெய்யப்பட்டிருந்தது. அரசாங்கக் கோயிலுக்குப் போகாதவருக்கு 1581 முதல் மாதமொன்றுக்கு 20 பவுண் தண்டம். நடுத்தரக் குடும்பங்களை இரண்டொரு வருடத்தில் வீதிக்குக் கொண்டுவரக்கூடிய தொகை அது. 1585 ஆம் ஆண்டுச் சட்டமோ, பிறநாட்டிற் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்தில் தங்கும் எந்த ஆங்கிலேயனும் இராசத்துரோகி எனத் தீர்த்தது. அவனுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தவருக்கும் மரண தண்டனை. அதற்கடுத்த ஆண்டு மே மாதத்தில், ஹென்றி காணெற் சுவாமியாரோடு சவுத்வெல் சுவாமியார் உரோமாபுரியை விட்டுப் புறப்பட்டார். யூலையில் இருவரும் இருளோடு இருளாக ஆங்கிலக் கரையில் இறங்கினர்.

ஆறு வருடம் அவர் மறைந்து வாழ்ந்தார். கொற்றன் என்னும் மாற்றுப் பெயரோடு, பிரபுக்களின் உடையணிந்து, குதிரையேறித் திரிந்தார். பிரபுக்களின் வீட்டு மேசைகளில் வேட்டைப் பருந்து வளர்ப்பதே முக்கிய பேச்சு. அந்தக் கலைச்சொற்கள் இவர் மனதில் நிற்பதேயில்லை. ஜோன் ஜெராட் என்னும் சக குருவிடம் அடிக்கடி கேட்டுப் படித்துக்கொள்வாராம். ஒரு சொற்பிழை கழுத்துக்குக் கயிறாகக்கூடிய காலமது.

வந்த சில மாதங்களிலே அவருக்கு நிலையான ஓர் இருப்பிடம் கிடைத்தது. அறண்டல் பிரபுவான பிலிப் ஹவாட் கத்தோலிக்கனாக மனந்திரும்பியவர். நாட்டைவிட்டுச் செல்ல முயன்றபோது 1585 இல் கடலிற் பிடிபட்டு இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். அவருடைய மனைவி ஆன் சீமாட்டி குழந்தைகளோடு தனித்திருந்தார். அந்த வீட்டுக்குத்தான் சவுத்வெல் சுவாமியார் ஆன்ம குருவாகப் போய்ச் சேர்ந்தார். இந்தப் பிலிப் ஹவாட் வேறு யாருமல்லர். பாட்டன் சவுத்வெல் கொலைக்களத்துக்கு அனுப்பிய சறே பிரபுவின் பேரன். இரண்டு தலைமுறைக்குமுன் ஒரு குடும்பம் மற்றக் குடும்பத்துக்குச் செய்த கொடுமைக்கு, இப்படியொரு பரிகாரத்தைத் தேவ பராமரிப்பு ஆயத்தஞ் செய்திருந்தது. சுவாமியார் அதை அறியாதிருந்திருக்க முடியாது என்றே நாம் நினைக்கிறோம்.

சிறையிலிருந்த பிரபுவுக்கு ஆறுதலாக அவர் எழுதியனுப்பிய கடிதங்களே, 1587 இல் இரகசியமாய் அச்சான ஆறுதல் நிருபம் என்னும் நூலுக்கு வித்தாயின. 1591 ஆகஸ்டில் பிரபுவின் சகோதரி மார்கிறற், தந்தையின் மறுதாரத்துப் பிள்ளை, இளவயதில் காலமானார். தங்கையின் முகத்தை ஒருமுறை பார்க்கவும் முடியாமற் சிறையில் துயருற்ற தமையனுக்கு, அம்மையாரின் நற்குணங்களை எடுத்துச்சொல்லித் தேற்றும் உரைநடை நூலொன்றை எழுதி, முடிவில் சிறு இரங்கற்பாக்களையும் சேர்த்தார். துக்கத்தை அடக்கும்படி அவர் சொல்லவில்லை. துக்கத்துக்கும் ஓர் அளவும் முறையும் உண்டென்பதே அதன் சாரம்.

தம் தகப்பனாருக்கும் அவர் 1589 இல் ஒரு கடிதம் எழுதினார். முதுமையடைந்துவிட்ட தந்தை, மரணம் வருமுன் திருச்சபைக்குத் திரும்பவேண்டும் என்று மகன் மன்றாடும் கடிதமது. பெற்ற தந்தைக்கே புத்தி சொல்லவேண்டி வந்த மகனின் கூச்சமும், தந்தையின் ஆன்மாவைப் பற்றிய ஏக்கமும் அதில் ஒன்றோடொன்று போராடுகின்றன. அதுவும் கையாற் பெயர்த்தெழுதப்பட்டுப் பல கத்தோலிக்க வீடுகளுக்குப் போயிற்று. ஒத்துப்போன தகப்பன்மார் அந்நாளில் எத்தனையோ வீடுகளில் இருந்தனர்.

பாடல்களின் கதையும் இதுவே. சிறையில் இருந்துகொண்டு அவர் அவற்றை எழுதினார் என்று ஒரு கதை வழங்குவதுண்டு. கேட்க உருக்கமாயிருந்தாலும் அது பொருந்தாது.  இந்த ஆறு வருட மறைவாழ்விலேதான், பூசைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் பிரயாணத்துக்கும் இடையே கிடைத்த நேரத்தில் அவை எழுந்தன. குருவானவர் இரவில் வந்து விடியுமுன் போய்விடுவார். மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. அடுத்த பூசை வரையில் குடும்பம் கையில் வைத்து வாசிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஏதாவது இருக்கவேண்டும். தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும் வீடுகளிற் பிறந்த நமக்கு இது விளங்காத காரியமன்று.

அவருக்கு வேறொரு நோக்கமும் இருந்தது. அக்காலக் கவிஞர் பலர் காதலையே பாடித் தம் திறமையை வீணாக்குகின்றனர் என்று அவர் வருந்தினார். கண்டித்து ஒதுங்காமல், அவர்கள் பாணியிலேயே பாடிக் காட்டத் துணிந்தார். எட்வேட் டயர் என்பவரின் பிரசித்தமான காதற் புலம்பலை எடுத்து, அதே நடையில் அதைப் பாவியொருவனின் புலம்பலாக மாற்றினார்.

அவர் பெருங்கவிஞர் வரிசையைச் சேர்ந்தவரல்லர் என்பதை ஒப்புக்கொள்வதில் குறைவில்லை. இராயப்பரின் புலம்பல் என்னும் நெடும்பாட்டு 132 செய்யுள் கொண்டது. சேவல் கூவியபின் அப்போஸ்தலர் அழுத அழுகையை அது விரித்துக்கொண்டே போகிறது. முரண்மொழிகளும் உவமைகளும் அடுக்கடுக்காய் வந்து வாசிப்பவரைக் களைக்கவும் வைக்கும். சிறு பாடல்களோ அப்படியல்ல. மார்கழிப் பனியில் நடுங்கும் ஒருவனுக்கு, எரியும் குழந்தையாகப் பாலன் யேசு காட்சி கொடுப்பதைப் பாடிய கிறிஸ்மஸ் பாட்டொன்று இன்றும் ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகளில் இடம்பெறுகின்றது. நாடகாசிரியர் பென் ஜோன்சன், அந்த ஒரு பாட்டைத் தாம் எழுதியிருந்தால் தம் பாட்டுகள் பலவற்றை அழித்துவிடச் சம்மதித்திருப்பார் என்று ஸ்கொத்லாந்துக் கவிஞர் டிறமண்டிடம் சொன்னதாகக் குறிப்பு இருக்கின்றது. ஜோன்சன் எளிதில் பிறரைப் புகழ்பவரல்லர்.

1592 யூன் மாத இறுதியில் அவர் பிடிபட்டார். இலண்டனுக்கு அண்மையில் ஹரோவைச் சேர்ந்த அக்செண்டன் என்னும் இடத்திலே பெலமி குடும்பத்தார் குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்து வந்தனர். அந்த வீட்டு மகளான ஆன், விசுவாசத்துக்காகவே முன்னர் சிறைப்பட்டவள். சிறையில் றிச்சட் ரொப்கிளிவ் என்னும் கொடியவனின் கையில் அகப்பட்டு மானமிழந்து, கர்ப்பவதியாகி, கடைசியில் தன் பெற்றோர் வீட்டுக்குக் குரு வரும் நாளையும் அவர் ஒளிக்கும் இடத்தையும் சொல்லிவிட்டாள். அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்று எழுதிவிட்டுப் போவது இலகு. அந்தப் பெண்ணை அந்நிலைக்குத் தள்ளியவனை நினைத்தால் அவள்மேல் கல்லெறியக் கை வராது.

ரொப்கிளிவ் சித்திரவதை செய்வதற்கென்றே தன் சொந்த வீட்டில் ஓர் அறை வைத்திருந்தான். கைகளுக்கு இரும்பு வளையம் பூட்டி, கால் நிலத்தில் ஊன்றாதபடி சுவரிலே தொங்கவிடுவது அவன் முறை. எப்படிச் செய்யப்போகிறான் என்பதை மகாராணிக்கே கடிதமாக எழுதினான். பத்து முறை தாம் சித்திரவதைக்கு உட்பட்டதாகச் சுவாமியார் பின்னர் நீதிமன்றத்திற் கூறினார். எவரையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனார் என்பதை ஊகித்துவிடக்கூடாதென்று, ஏறிச்சென்ற குதிரையின் நிறத்தைக்கூடச் சொல்ல மறுத்தாராம்.

பின்னர் கேற்ஹவுஸ் சிறையில் அழுக்கிலும் புழுவிலும் போடப்பட்டார். மகனைப் போய்ப் பார்த்த தகப்பனார் மகாராணிக்கு விண்ணப்பஞ் செய்தார். மகன் மரணத்துக்குரிய குற்றம் செய்திருந்தால் மரணத்தையே கொடுக்கவும், இல்லையேல் குடிப்பிறந்தவனுக்குரிய முறையில் நடத்தவும் வேண்டினார். எந்தத் தந்தைக்கு அவர் அக்கடிதத்தை எழுதினாரோ, அந்தத் தந்தைதான். சுவாமியார் இலண்டன் கோபுரத்துக்கு மாற்றப்பட்டார். சுத்தமான உடையும் வேதாகமமும் புனித பேர்னாட்டின் நூல்களும் அவருக்குக் கிடைத்தன.

அங்கு இரண்டரை வருடம் தனிமை. அதே கோபுரத்தின் இன்னொரு பகுதியில் பிலிப் ஹவாட் இருந்தார். ஒருவர் மற்றவரை ஒருநாளும் நேரிற் கண்டதில்லை. பிரபுவின் நாய் ஒருநாள் காவலன் பின்னால் ஓடிச் சுவாமியாரின் அறைக்குள் போய்விட்டதாகவும், அதை அறிந்த பிரபு அன்றுமுதல் அந்த நாயை அதிகம் நேசித்ததாகவும் ஒரு பழைய வரலாறு கூறுகின்றது.

1595 பெப்ரவரி 20 ஆந் திகதி வெஸ்ற்மினிஸ்ரரில் விசாரணை நடந்து, அன்றே தீர்ப்பும் முடிந்தது. மறுநாள் சேற்றில் இழுபடும் படலொன்றிலே கட்டி ரைபேர்ண் என்னும் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனார்கள். தாம் யேசு சபைக் குரு என்பதை ஒப்புக்கொண்டார். மகாராணிக்குத் தீங்கு நினைத்ததில்லை என்றார். அவருக்காகவும் நாட்டுக்காகவும் செபித்தார். சிலுவையில் ஆண்டவர் பிதாவின் கையில் ஆவியை ஒப்புவித்த வார்த்தைகளையே அவர் இலத்தீனிற் சொல்லிக்கொண்டிருக்க வண்டி நகர்த்தப்பட்டது. உயிர் போகுமுன் அறுத்திறக்கி உடலைக் கூறுபோடுவது சட்டம். கயிற்றை அறுக்க அதிகாரி நெருங்கியபோது கூடிநின்ற சனங்களே தடுத்துவிட்டார்கள். தலையைத் தூக்கிக் காட்டியபோது துரோகி என்று வழக்கமாகக் கூவும் குரல் அன்று எழவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் 19 இல் பிலிப் ஹவாட்டும் சிறையிலேயே உயிர்துறந்தார்.

சில வாரங்களுள் இராயப்பரின் புலம்பலும் வேறு பாடல்களும் இலண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்தன. முதற் புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. அவ்வாண்டே வந்த இரண்டாவதில் பெயரின் முதலெழுத்து இரண்டு மட்டும். துரோகியென்று தூக்கிலிடப்பட்டவரின் பாட்டென்று வாங்கியோர் பலருக்குத் தெரிந்தேயிருந்தது. புரட்டஸ்தாந்தியரும் விரும்பி வாங்கினார்கள். நாற்பது வருடத்துக்குள் மீண்டும் மீண்டும் பதிப்புகள் வந்தன.

அச்சிட்டவர்கள் வியாபாரிகள், எதை வெளியிட்டால் ஆபத்து என்பதை அறிந்தவர்கள். மனஸ்தாபம் பாடலாம், இராயப்பரும் மதலேன் மரியாளும் அழலாம், பாலன் பிறப்பைப் பாடலாம். தேவமாதாவைப் பற்றிய பதினான்கில் பன்னிரண்டு அச்சாயின. அவர் மரணத்தையும் அவர் ஆன்மசரீரத்தோடு மோட்சத்துக்கு எடுக்கப்பட்டதையும் பாடிய கடைசி இரண்டும் விடப்பட்டன. வேதாகமத்தில் இல்லாததென்று புரட்டஸ்தாந்தியர் தள்ளிய விசுவாசமது. நம் திருச்சபையிலும் 1950 இல்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை விசுவாச சத்தியமாகப் பிரகடனஞ் செய்தார். ஆயினும் சவுத்வெல் சுவாமியார் பூசைசெய்த வீடுகளில் ஆகஸ்ட் 15 அப்போதே திருநாள்தான். பீடத்தின் திவ்விய நற்கருணையைப் பற்றிய பாடலும் இலண்டன் பதிப்புகளில் இல்லை. கடலுக்கப்பால் சென் ஓமேர் நகரில் ஆங்கிலக் கத்தோலிக்கர் 1616 இல் வெளியிட்ட பதிப்பிலே அது இடம்பெற்றது. 1587 பெப்ரவரியில் தலைவெட்டுண்ட ஸ்கொத்லாந்து மரியாள் அரசிக்காகப் பாடிய இரங்கற்பாவை அச்சிடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். எலிசபெத் கையெழுத்திட்ட தண்டனை அது. குற்றமின்றி மரிப்பவன் ஒருவனின் புலம்பலாக அமைந்து, பிலிப் ஹவாட்டைக் குறிப்பதென்று பலர் கருதும் பாடலும் அவ்வாறே ஒதுக்கப்பட்டது.

இவையெல்லாம் கையெழுத்து ஏடுகளிலேயே உயிர் தப்பின. ஸ்ரோனிஹேர்ஸ்ற் ஏட்டைப் போல வேறு சில ஏடுகளும் கிடைத்துள்ளன. வரிசை பெரும்பாலும் ஒன்றே. வீடு சோதனையிட வருவோர் சுவரை இடிப்பார்கள், தளப் பலகையைக் கிளப்புவார்கள். செபமாலையும் பூசைப் பாத்திரமும் போல அந்தத் தாள்களும் சாட்சியாகக்கூடியவை. அப்படியிருந்தும் அவற்றை எரித்துவிடாமல் ஒளித்து வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் அநேகரின் பெயர் நமக்குத் தெரியாது.

1872 இல் ஸ்ரோனிஹேர்ஸ்ற் ஏட்டை ஆதாரமாகக் கொண்டு அவருடைய பாடல்களை முழுமையாகப் பதிப்பித்தவர் அலெக்சாண்டர் குறோசாட். இவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் பிரெஸ்பிற்றேரியன் போதகர். விசுவாசத்தால் வேறுபட்டிருந்தும், எதையும் ஒளிக்காமல் பதிப்பித்த அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1929 இல் றொபேட் சவுத்வெல் சுவாமியாருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1970 ஒக்ரோபர் 25 ஆந் திகதி ஆறாம் சின்னப்பர் பாப்பரசர், இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் நாற்பது வேதசாட்சிகளைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியபோது, சவுத்வெல் சுவாமியாரின் பெயரும் பிலிப் ஹவாட் பிரபுவின் பெயரும் அந்த ஒரே வரிசையில் வாசிக்கப்பட்டன. 2007 இல் ஸ்ரோனிஹேர்ஸ்ற் ஏட்டைத் தழுவி இங்கிலாந்தில் இன்னுமொரு பதிப்பு வெளிவந்தது. அதிலே தேவமாதாவின் பதினான்கு பாடல்களும் பழைய ஏட்டில் உள்ளபடி, கடைசி இரண்டும் தம் இடத்தில் இருக்க, அச்சாகியுள்ளன.